கையின் நோவும் உள்ளத்தின் நோவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் ஒரு பள்ளித் தலைமையாசிரியன் கல்வியைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று கையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் பிள்ளைகள் கையில் புத்தகம் ஏந்தவேண்டும் என்பதற்காக அவர்களுடைய அன்னையரும் தந்தையரும் தத்தம் கைகளைத் தேய்த்து உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகம் கண்ட வளர்ச்சியெல்லாம் அந்தக் கைகள் ஈட்டித் தந்ததே ஆகும். அந்தக் கைகளுக்கு வருகின்ற ஒரு நோயைப் பற்றியும், அந்நோய் கையோடு நில்லாமல் உள்ளத்தையும் எவ்வாறு வாட்டுகிறது என்பதைப் பற்றியும் சில சொற்கள் கூறுவதே என் நோக்கம்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அது என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் பணியாற்றிய பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாள்தோறும் தாமதமாக வந்துகொண்டிருந்தாள். நன்றாகப் படிக்கக்கூடிய பெண். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் பொறுமையிழந்து, "இவ்வளவு சோம்பல் எங்கிருந்து வந்தது உனக்கு? உன் வீட்டில் யாரும் கேட்பதில்லையா?" என்று அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவள் தலையைக் குனிந்து நின்றாளே தவிர, ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரிடம்தான் அவள் மனம் திறந்தாள். "அம்மாவுக்குக் கை மரத்துப் போகுது டீச்சர். ராத்திரியெல்லாம் தூங்காம கையை உதறிக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க" என்றாளாம்.

அவளுடைய தாயார் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தோல் தைக்கும் தொழிலாளி. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பகுதிகளில் நம் மகளிர் ஆயிரக்கணக்கானோர் செய்யும் வேலைதான் அது. காலையில் அந்தத் தாயாரால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க இயலவில்லை. அரிவாள்மனையில் காய் நறுக்க இயலவில்லை. தம் இரவிக்கையின் கொக்கியைக்கூட மாட்டிக்கொள்ள இயலவில்லை. சமைப்பதும், தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவதும், தாய்க்குக் கொக்கி மாட்டிவிடுவதும் அந்தச் சிறுமியின் பொறுப்பாயின. அதன் பின்னரே அவள் பள்ளிக்கு ஓடிவந்தாள். அவளைத்தான் நான் சோம்பேறி என்றேன்.

இதனினும் துயரமான செய்தியைப் பின்னர் அறிந்தேன். விரல்களில் உணர்ச்சி குறைவதைக் கண்ட அந்தத் தாயார், தமக்குத் தொழுநோய் வந்துவிட்டது என்று தாமே முடிவுசெய்துகொண்டார். எவரிடமும் சொல்லவில்லை. உண்ணும் தட்டையும் குடிக்கும் குவளையையும் தனியே பிரித்து வைத்துக்கொண்டார். கடைசிப் பிள்ளையை மடியில் படுக்கவைப்பதையும் நிறுத்திவிட்டார். தேநீர்க் கடைகளில் நமக்கென்று தனிக்குவளை வைத்த கொடுமையை எதிர்த்துப் போராடிய சமுதாயம் நாம். அந்தச் சமுதாயத்தின் ஒரு வீட்டுக்குள், ஒரு தாய் தனக்குத்தானே தனிக்குவளை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறாள். அந்தக் குவளையை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு கனக்கிறது.

எங்கள் ஆசிரியை துணைசென்று அரசு மருத்துவமனையில் அவரைக் காட்டினார். அது தொழுநோயன்று. அதற்குக் கார்ப்பல் டன்னல் சின்ட்ரோம் என்று மருத்துவர்கள் பெயர் கூறினர். தமிழில் மணிக்கட்டுச் சுரங்க நோய் எனலாம்.

நோயின் இயல்பு

நம் மணிக்கட்டின் உட்புறத்தில், உள்ளங்கை தொடங்கும் இடத்தில், ஒரு குறுகிய வழி இருக்கிறது. எட்டுச் சிற்றெலும்புகள் வளைவாக அமைந்து அதற்கு அடித்தளமும் பக்கச் சுவர்களுமாக நிற்கின்றன. தடித்த நார்ப்பட்டை ஒன்று கூரைபோல் மேலே மூடியிருக்கிறது. விரல்களை மடக்குகின்ற ஒன்பது தசைநாண்களும், நடு நரம்பு எனப்படும் ஒரு நரம்பும் அந்தச் சிறு வழிக்குள் நெருக்கியடித்துச் செல்கின்றன. தசைநாண்களைச் சூழ்ந்த உறை வீங்கினாலும், உடலில் நீர் தேங்கினாலும், அங்கே அழுத்தம் மிகுந்து நரம்பு நசுங்குகிறது.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றிலும், மோதிர விரலின் பாதியிலும் உணர்ச்சி தருவது இந்த நரம்பே. ஆதலின் அவ்விரல்களில் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற வலியும் தோன்றும். சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடும். வலி இரவில் மிகும். நோயாளி விழித்தெழுந்து கையை உதறினால் சற்றுத் தணியும். நாளடைவில் பிடிப்பு தளர்ந்து, கையிலுள்ள பொருள் தானே நழுவும். கவனியாது விட்டால் பெருவிரலின் அடியிலுள்ள சதை மெலிந்து குழிவிழும்.

இந்நோய் ஆடவரைவிடப் பெண்டிர்க்கே மிகுதியாக வருகிறது. நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மூட்டு வாதம், உடற்பருமன் ஆகியவை இதற்கு இடந்தருகின்றன. கருவுற்ற காலத்தில் தோன்றுவதும் உண்டு. அது பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் தணிந்துவிடும். தொழிலும் ஒரு காரணமாகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட தொழில்வழி நோய்களின் பட்டியலில் இந்நோய் இடம்பெற்றுள்ளது. ஒரே அசைவை விசையோடு நெடுநேரம் திரும்பத் திரும்பச் செய்தல், அதிர்கின்ற கருவிகளைப் பிடித்து வேலை செய்தல், மணிக்கட்டை மிகையாக வளைத்து வைத்திருத்தல் ஆகியவற்றை அப்பட்டியல் காரணங்களாகக் குறிக்கிறது.

இவற்றைக் கேட்கும்போது உங்கள் கண்முன் யார் தோன்றுகிறார்கள்? முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் சுற்றுகின்ற நம் அக்காமார்கள், தோல் வெட்டுவோர், தைப்போர், சாலையை உடைக்கும் அதிர்வு இயந்திரத்தைப் பிடித்து நிற்கும் நம் தம்பிமார்கள் ஆகியோரே தோன்றுகிறார்கள். எனவே இந்நோய் வந்தவர் எவரும் குற்றம் செய்தவர் அல்லர். இதனை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

உள்ளத்தில் நேர்வது

நோயின் உடற்கூற்றை மருத்துவர் விளக்கிவிடுவார். அந்நோயோடு வாழ்பவரின் உள்ளத்தில் நேர்வதை வீட்டாரும் நண்பருமே உணரவேண்டும்.

முதலாவது, உறக்கம் போய்விடுகிறது. பகலெல்லாம் உழைத்தவருக்கு இரவு ஒன்றுதான் சொந்தம். அந்த இரவையும் இந்நோய் பறித்துக்கொள்கிறது. வீடு முழுவதும் உறங்குகையில் தாம் மட்டும் கையை உதறிக்கொண்டு இருளில் உட்கார்ந்திருப்பவருக்குத் தனிமை எவ்வளவு பெரிதாகத் தோன்றும்! பல இரவுகள் இப்படிக் கழிந்தால் எவருக்கும் எரிச்சல் மிகும். சிறு சொல்லுக்கும் சினமும் அழுகையும் வரும். "இவள் குணமே மாறிவிட்டது" என்று வீட்டார் சொல்கிறார்கள். அவர் உறங்கிப் பல மாதங்கள் ஆயின என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, அவரை எவரும் நம்புவதில்லை. கால் ஒடிந்தவருக்குக் கட்டு இருக்கிறது. காய்ச்சல் கண்டவருக்கு உடம்பு சுடுகிறது. இந்நோயில் வெளியே காண்பதற்கு ஒன்றும் இல்லை. கை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். "கை நன்றாகத்தானே இருக்கிறது, என்ன வலி?" என்று கணவர் கேட்கிறார். மேற்பார்வையாளர் கேட்கிறார். மாமியார் கேட்கிறார். இறுதியில் நோயாளியே, "எல்லாம் என் மனப்பிரமையோ?" என்று தம்மைத் தாமே ஐயுறத் தொடங்குகிறார். வலியைக் காட்டிலும் இந்த ஐயம் கொடியது.

மூன்றாவது, அச்சம். பக்கவாதமோ, தொழுநோயோ, யாரேனும் செய்வினை வைத்துவிட்டார்களோ என்று நோயாளி கலங்குகிறார். செய்வினை என்பது வெறும் மூடநம்பிக்கை. அதற்காகச் செலவிடும் பணம் வீண்; இழக்கும் காலமோ அதனினும் பெரிய இழப்பு. தொழுநோயைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கையில் உணர்ச்சி குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. மருத்துவரே ஆராய்ந்து கூறவேண்டும். ஒருவேளை அது தொழுநோயாகவே இருந்தாலும், கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகும். அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. நம் வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் பால் பிராண்டு 1940களின் பிற்பகுதியிலேயே தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்து அவற்றை மீண்டும் இயங்கச் செய்தார். அத்தகைய மண்ணில் வாழும் நாம் எந்த நோய்க்கும் தனிக்குவளை வைக்கவேண்டியதில்லை.

நான்காவது, தன்மதிப்பு குலைகிறது. நமக்கு நிலமில்லை, முன்னோர் வைத்துச்சென்ற பொருளும் இல்லை. கையே நம் சொத்து. அந்தக் கை ஒரு தேநீர்க் குவளையைத் தாங்காமல் கீழே போடும்போது, "இனி நான் எதற்குப் பயன்படுவேன்? குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டேனே" என்ற எண்ணம் எழுகிறது. பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னிவிட முடியாத தாயின் துயரத்தை ஊதியக் கணக்கில் எழுத முடியாது.

இந்நோயுற்றோரிடையே மனச்சோர்வும் கவலையும் மிகுதியாகக் காணப்படுவதை மருத்துவ ஆய்வுகள் எடுத்துரைக்கின்றன. மனச்சோர்வு மிகுந்தால் அதே நோவு இன்னும் கடுமையாக உணரப்படுகிறது என்பதையும் அவை கூறுகின்றன. கை நோவு உள்ளத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த உள்ளம் கை நோவைப் பெருக்குகிறது. இதனால் அந்த வலி பொய்யென்று ஆகிவிடாது. உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருங்கே மருத்துவம் வேண்டும் என்பதே இதன் பொருள்.

சோம்பேறி என்னும் சொல்

தோழர்களே! சோம்பேறி என்ற சொல்லை நாம் எங்கிருந்து கற்றோம்? விடியற்காலையில் ஏர் பூட்டி, இருட்டிய பின் களம் விட்டு வந்த நம் பாட்டன்மாரைப் பார்த்து, வரப்பின்மேல் குடைபிடித்து நின்றவர்கள் சொன்ன சொல் அது. அச்சொல்லைத் தாங்கி வளர்ந்ததனாலேயே, ஓய்வு என்பது இழிவு என்றும், வலியை வெளியே சொல்வது வெட்கம் என்றும் நாம் எண்ணப் பழகிவிட்டோம். இன்று அதே சொல்லை நம் வீட்டுத் தாயின் மீதே வீசுகிறோம். படித்தவன் என்ற பெயரோடு நாற்காலியில் அமர்ந்திருந்த நானும் வீசினேன். அந்த மாணவியிடம் பின்னர் வருத்தம் தெரிவித்தேன். எனினும் அனைவர் முன்னிலையில் சொன்ன சொல்லைத் தனியறையில் திரும்பப் பெறுவது முறையாகாது. ஆகவேதான் இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

வலியைப் பொறுத்துக்கொள்வதே வீரம் என்று கருதுவோர்க்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலிருந்து ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். 1948ஆம் ஆண்டு, இந்திய அரசியலமைப்பின் வரைவுப் பணி நடந்துகொண்டிருந்த காலம். வரைவுக் குழுவின் தலைவராகிய அண்ணல், நீரிழிவு நோயாலும் கால் நரம்புகளின் வலியாலும் துன்புற்றார். இரவில் உறக்கமின்றித் தவித்தார். அவர் அதனை மறைத்துவைக்கவில்லை. சிகிச்சைக்காகப் பம்பாய் சென்றார். மருத்துவர் சாரதா கபீரின் கவனிப்பைப் பெற்றார். அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அவ்வம்மையாரையே மணந்துகொண்டார். நாட்டுக்கே சட்டம் வகுத்த பேரறிஞர், தம் நரம்பு வலியைச் சொல்லி மருத்துவ உதவியையும் மனிதத் துணையையும் நாடினார். அவரினும் வலியவர் நம்மில் யார்?

அதற்கு முன், 1942 முதல் 1946 வரை, வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்றிருந்தபோது, தொழிற்சாலைகளின் வேலைநேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைய வழிசெய்தவரும் அவரே. உழைப்பவனுக்கு ஓய்வு உரிமை என்பதை அவர் சட்டமாக்கிக் காட்டினார். நாம் நம் வீட்டிலேனும் அதனை நடைமுறையாக்க வேண்டாமா?

செய்யத் தக்கவை

நோயுற்றோர்க்கு நான் கூறுவது: காலம் தாழ்த்தாதீர்கள். நீரிழிவு, தைராய்டு ஆகியவற்றையும் சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். தொடக்க நிலையில், இரவு நேரத்தில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றைச் சில வாரங்கள் அணிவதனாலேயே பலர்க்கு நோவு தணிகிறது. தேவையெனில் மருத்துவர் ஊசி போடுவார். அதனாலும் தீராவிடில், நரம்பை அழுத்தும் நார்ப்பட்டையை அறுத்து விடுவிக்கும் சிறிய அறுவை உண்டு. பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து அதனைச் செய்கிறார்கள். நரம்பு நெடுங்காலம் நசுங்கிச் சதை மெலிந்த பின்னர்ச் சென்றால் முழுப்பயன் கிட்டாமற் போகலாம். ஆகவே விரைந்து செல்வதே அறிவுடைமை.

மருத்துவரிடம் கை வலியை மட்டும் கூறாமல், "உறக்கம் வரவில்லை, அழுகை வருகிறது, வாழ்வில் பிடிப்பில்லை" என்பதையும் கூறுங்கள். அதனைச் சொல்வதில் இழிவு ஏதும் இல்லை. நேரில் சொல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணில் பேசலாம். 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உடையோர் அம்மருத்துவமனையில் காட்டி, மருத்துவர் சான்றளித்தால் விடுப்பெடுங்கள். உரிய சந்தா செலுத்தியிருப்போர்க்கு அந்நாட்களில் ஊதியத்தின் ஒரு பகுதி உதவியாகக் கிடைக்கும். அது உங்கள் ஊதியத்திலிருந்து பிடித்த பணத்தின் பயன். எவரும் இடும் பிச்சையன்று.

குடும்பத்தாருக்கு நான் கூறுவது: முதலில் நம்புங்கள். "வலிக்கிறது" என்றால், "எங்கே, எப்போதிருந்து?" என்று கேளுங்கள். குடம் தூக்குவதையும் துணி பிழிவதையும் ஆடவர் மேற்கொள்ளுங்கள். அதனை மகள் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். அவளுக்குப் பள்ளி இருக்கிறது. பாத்திரம் கைநழுவி விழுந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். விழுந்த பாத்திரத்தை எடுத்துவைத்துவிடலாம்; விழுந்த மனத்தை எடுத்து நிறுத்துவது எளிதன்று.

இளைஞர்களே! உங்களுக்கு மூன்று பணிகளைச் சொல்கிறேன். நம் தெருவில் கை மரத்துப்போகும் தாய்மார் யார் யார் என்று வீடுவீடாகச் சென்று கேளுங்கள். மருத்துவமனைக்கு அவர்களோடு துணை செல்லுங்கள். சீட்டு வாங்கும் வரிசையிலும் சோதனை அறை வாசலிலும் படித்த பிள்ளை ஒருவன் உடன் நிற்பது அவர்களுக்குப் பெருந்தைரியம். வேலைத்தலத்தில் இடையிடையே சில நிமிட ஓய்வும், வேலையை மாற்றித் தரும் ஏற்பாடும் வேண்டுமென்று சங்கத்தின் வாயிலாகக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு என்பார்கள். பலர் சேர்ந்து கேட்டால்தான் அது கோரிக்கையாகும்.

நம் கல்விக் கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை நம் உழைக்கும் தாய்மார்க்கென ஒதுக்குங்கள். அவர்கள் தம் கையையும் மனத்தையும் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளட்டும். "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லக் கேட்பது, தனிமையில் தவிப்பவருக்குப் பெரிய ஆறுதல்.

அந்தத் தாயார் என்ன ஆனார் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு கையில் அறுவை செய்துகொண்டார். இரவு உறக்கம் திரும்பியது. விரல்நுனியில் சிறிது மரமரப்பு இன்னும் இருக்கிறது. தையலில் பழைய வேகம் வரவில்லை. கடினமில்லாத வேறு வேலைக்கு மாறிக்கொண்டார். கூலி சற்றுக் குறைவுதான். மகள் அவ்வாண்டுத் தேர்வில் வெற்றிபெற்று மேற்படிப்புக்குச் சென்றாள். நோய் முற்றும் நீங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், மருத்துவர் உண்மையைக் கூறிய அன்று மாலையே, அவர் அந்தத் தனித்தட்டையும் குவளையையும் மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவி வைத்தாராம். கடைசிப் பிள்ளை அன்றிரவு அவர் மடியில் உறங்கியதாம். அறுவைக்குப் பல வாரங்கள் முன்னரே அவருடைய உள்ளம் குணமாகத் தொடங்கிவிட்டது. அதற்குத் தேவைப்பட்டவை இரண்டே: சொன்னதை நம்பிய ஒருவர், உண்மையை எடுத்துரைத்த ஒருவர்.

அவ்விருவராகவும் இருக்கக்கூடியவர்கள் நீங்கள். கல்வி நமக்கு அளித்த தகுதி அது. எந்தக் கைகள் நம்மைப் படிக்கவைத்தனவோ, அந்தக் கைகளைப் பற்றிப் பிடித்து, "அம்மா, உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.



ஜெய் பீம்!